அரியலூர்ச் சங்குகளைப் படித்த அறிஞர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா

ஒன்பதாம் வகுப்பில் பாறைகளைப் பற்றிய பாடம் நடக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. "நம் போடி மலையில் புதைபடிவம் கிடைக்குமா?" கொட்டக்குடி ஆற்றில் பொறுக்கிய கூழாங்கற்களை மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு ஆவலோடு கேட்பார்கள். கிடைக்காது என்பதே விடை. ஆனால் ஏன் கிடைக்காது என்று தெரிந்துகொண்டால்தான், கிடைக்கும் இடங்களின் அருமை நமக்குப் புரியும். ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

குரங்கணியிலிருந்து போடிமெட்டு வரை, ஏலத் தோட்டங்களுக்கு அடியில் கிடக்கும் பெரும்பாறையின் பெயர் சார்னோக்கைட். உடைத்த முகத்தில் சற்றே பச்சை கலந்த கருநிறம் காட்டும். நம் ஊரில் எல்லாவற்றையும் கருங்கல் என்று சொல்லிவிடுகிறோம். இந்தக் கல்லுக்குப் பெயர் வந்த கதை வேடிக்கையானது. கல்கத்தா நகரோடு தொடர்புடைய ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயருடைய கல்லறைக் கல், சென்னைப் பரங்கிமலைப் பக்கத்திலிருந்து கொண்டுபோன கல்லாகும். தாமஸ் ஹாலண்டு என்ற நிலவியலார் 1893இல் அதை ஆராய்ந்து, அந்த வகைப் பாறைக்கே சார்னோக்கைட் என்று பெயரிட்டார். ஆக, நம் மலை ஒரு கல்லறையிலிருந்து பெயர் பெற்ற மலை!

பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்து உருவான பாறை இது. அப்படி வெந்து ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஓடும் எலும்பும் உள்ள உயிரினங்கள் கடல்களில் பெருகியது அதற்குப் பின்னர்தான். அதற்கு முந்திய மெல்லுயிர்களின் தடயம் ஏதேனும் இருந்திருந்தாலும் அந்த உலையில் தப்பியிராது. பாறையின் இந்தக் கெட்டித்தன்மையைக் கருதித்தான் பொட்டிப்புரம் அருகே மலைக்குள் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்கத் திட்டமிட்டார்கள். 2015இல் மத்திய அமைச்சரவை அதற்கு ஒப்புதல் அளித்ததும், அதை எதிர்த்துப் போராட்டங்களும் வழக்குகளும் எழுந்ததும் உங்கள் பெற்றோருக்கு நினைவிருக்கும்.

சரி, புதைபடிவம் பார்க்க எங்கே போவது? வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். போடியிலிருந்து ஒரு பகல் பஸ் பயணத் தொலைவில், திருச்சிக்கு வடக்கே, இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கடல் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. கிரெட்டேஷியஸ் காலம் என்று சொல்லப்படும் காலத்தில், ஏறக்குறைய 11 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, கடல் அந்த நிலத்தின்மேல் ஏறி வந்தது. பலமுறை ஏறியும் வடிந்தும், சேறும் மணலும் சுண்ணாம்பும் அடுக்கடுக்காகப் படிந்தன. சிப்பி, நத்தை, கடல்முள்ளெலி, பவழம், அம்மோனைட் ஆகியவை அந்த அடுக்குகளில் புதையுண்டு கல்லாயின. அம்மோனைட் என்பது சுருட்டிய ஆட்டுக்கொம்பு போன்ற ஓடுடைய கடலுயிர். கடைகளில் விற்கும் கணவாய் மீனுக்குத் தூரத்து உறவு. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்தபோது அந்த இனமும் அடியோடு மறைந்தது.

இந்தக் கற்சங்குகளை உழவர்கள் எந்நாளும் பார்த்தே வந்திருப்பார்கள். ஆராய்ச்சியாளரின் கண்ணில் அவை பட்டது 1840களில். சென்னை மாகாண அரசுப் பணியிலிருந்த கேய், கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினர். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் 1846இல் அவற்றை விவரித்து எழுதினார். பின்னர் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு அப்பகுதியைச் சுற்றித் திரிந்து வரைபடமாக்கி, அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்து 1862இல் வெளியிட்டார். கீழே இருப்பது ஊட்டத்தூர், நடுவே திருச்சி, மேலே அரியலூர். மூன்றும் நம் ஊர்ப் பெயர்களே என்பதைக் கவனியுங்கள். உலகத்து நிலவியல் நூல்களில் இப்பெயர்கள் இன்றும் அச்சாகின்றன.

பிளான்ஃபோர்டு சேர்த்த படிவங்கள் பெட்டி பெட்டியாகக் கல்கத்தா போய்ச் சேர்ந்தன. அவர் சில இனங்களை மட்டும் விவரித்துவிட்டு, கல்லூரிப் பணிக்குப் போய்விட்டார். இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானவரும் இவரே. மிச்சமிருந்த பெட்டிகளைத் திறந்து முழுவதும் படிப்பதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள்தான் நம் கட்டுரையின் நாயகர்.

ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1838ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள், அன்றைய ஆஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்ட மொரேவியாவில் பிறந்தார். இன்று அது செக் நாடு. தந்தையார் ஒலமோட்ஸ் பேராயரின் காடுகளைக் கவனித்துவந்த வனக்காவலர். காட்டு விடுதியில் பிறந்த பிள்ளைக்கு மரமும் பறவையும் நத்தையும் பள்ளிக்கு முன்பே அறிமுகமாகியிருந்தன என்றால் வியப்பில்லை. வியன்னாவில் எட்வர்ட் சூயஸ் என்ற பேரறிஞரிடம் பாடம் கேட்டார். 1861இல் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். ஆஸ்திரிய ஆய்வுத்துறையில் சிறிது காலம் பணியாற்றினார். 1862இல், இந்திய ஆய்வுத்துறையின் தலைவர் தாமஸ் ஓல்டாம் அழைத்தபோது அவருக்கு வயது 24.

இருபத்து நான்கு வயதில் வீட்டைவிட்டுக் கப்பலேறி, மொழியும் பருவமும் பழக்கமில்லாத கல்கத்தாவுக்கு வந்த அந்த இளைஞருக்குக் காத்திருந்த வேலை எது? காடு மலை சுற்றுவது அல்ல. பிறர் சேகரித்த கற்களைப் பொறுக்கிப் பிரிக்கும் வேலை.

போடியில் இது என்ன வேலை என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மலையிலிருந்து வரும் ஏலக்காயைச் சல்லடையில் சலித்து, பிறகு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, பருங்காய், நடுக்காய், வெடித்தது, நிறம் மங்கியது என்று கண்ணாலும் விரலாலும் பிரிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். பழகாத கண்ணுக்கு எல்லாம் ஒரே காய். பழகிய கண்ணுக்கு ஒவ்வொன்றும் வேறு. ஸ்டோலிச்கா செய்ததும் இதுவே. இரண்டு அம்மோனைட்டுகள் ஒரே இனமா, வேறு வேறு இனமா? ஓட்டின் மேலுள்ள வரம்புகள் எத்தனை? சுருள்கள் எவ்வளவு நெருக்கம்? ஓட்டுக்குள்ளே சிறு சிறு அறைகள் உண்டு. அறைச்சுவர் ஓட்டைத் தொடும் கோடு, பெரணி இலையின் ஓரம்போல் நெளிந்து நெளிந்து செல்லும். அந்தக் கோட்டின் நெளிவு இனத்துக்கு இனம் மாறும். அதை அளந்து, படம் வரையச் செய்து, ஐரோப்பிய நூல்களில் உள்ள படங்களோடு ஒப்பிட்டு, முன்பே பெயர் உள்ளதானால் அப்பெயரையும், இல்லையெனில் புதுப்பெயரையும் எழுத வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு என்ன பயன் என்று கேட்கலாம். வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது விக்டோரியா ராணி தலை பொறித்த காசு ஒன்று கிடைக்கிறது. அந்த மண் எந்தக் காலத்தில் மூடியது என்று ஏறத்தாழச் சொல்லிவிடலாம் அல்லவா? ஜார்ஜ் மன்னர் காசு கிடைத்தால் அதற்குப் பிந்திய மண். அம்மோனைட்டுகள் பூமியின் காசுகள். ஒவ்வோர் இனமும் சிறிது காலமே வாழ்ந்தது. ஆனால் கடல்வழியே வெகுதூரம் பரவியது. பிரான்சில் ஓர் அடுக்கில் கிடைத்த இனம் ஊட்டத்தூரிலும் கிடைத்தால், இரண்டு அடுக்குகளும் ஏறத்தாழ ஒரே காலத்தவை. கதிரியக்கத்தைக் கொண்டு பாறையின் வயதை அளக்கும் முறை அன்று கிடையாது. திருச்சிச் சீமையின் கடல் எந்தக் காலத்துக் கடல் என்று சொல்வதற்கு, சரியாகப் பிரிக்கப்பட்ட சங்குகளைத் தவிர வேறு சாட்சி இல்லை. பிரிப்பதில் தவறினால் காலக்கணக்கே தவறிவிடும். அதனால்தான் இந்த வேலைக்கு ஓல்டாம் ஓர் ஐரோப்பிய நிபுணரையே தேடிப் பிடித்தார்.

முதலில் அம்மோனைட் வகை, அடுத்து நத்தை வகை, பிறகு சிப்பி வகை, கடைசியில் கடல்முள்ளெலி, பவழம் முதலியன என்று, 1863 தொடங்கி 1873 வரை பத்தாண்டுகள் இந்த வேலை நடந்தது. துறையின் தொல்லுயிர் வெளியீட்டு வரிசையில் 4 பெருந்தொகுதிகள். ஏறக்குறைய 1500 பக்கங்கள், 178 படத்தாள்கள். தென்னிந்தியக் கிரெட்டேஷியஸ் உயிர்களைப் பற்றி அதற்கு முன் அப்படியொரு நூல் வந்ததில்லை. ஒரு மனிதர் தம் இளமையின் பத்தாண்டுகளை நம் ஊர்ச் சங்குகளுக்குக் கொடுத்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? திருச்சி மாவட்டத்து மாணவிகளே அறிந்திருப்பார்களா என்பது ஐயம்தான்.

பெட்டிகளுக்கு நடுவே மட்டும் அவர் அடைந்து கிடக்கவில்லை. 1864இலும் 1865இலும் இமயமலையில் ஸ்பிட்டி, லடாக் பகுதிகளுக்குச் சென்று, அங்குள்ள அடுக்குகளை ஒழுங்குபடுத்தி எழுதினார். ஸ்பிட்டியின் கரிய களிப்பாறையில் அம்மோனைட்டுகள் உருண்டைக் கற்களுக்குள் பொதிந்து கிடக்கும். நேபாளத்தில் கண்டகி ஆற்றங்கரையில் கிடைக்கும் சாளக்கிராமமும் இத்தகைய பாறையிலிருந்து வரும் அம்மோனைட்டே. பாட்டி பூசையில் வைத்திருக்கும் சாளக்கிராமத்தின் சக்கரம், அம்மோனைட்டின் சுருள். உங்கள் வீட்டில் இருந்தால், பெரியவர்களின் அனுமதியோடு ஒருமுறை உற்றுப் பாருங்கள். வரம்புகள் தெளிவாகத் தெரியும். உலகின் மிக உயர்ந்த மலை ஒருகாலத்தில் கடலடியாக இருந்தது என்பதற்குச் சாட்சி அந்தச் சிறு கல்.

நிக்கோபார் தீவுகள், பர்மா, பினாங்கு, கட்ச் என்று போன இடமெல்லாம் பறவை, பாம்பு, வௌவால், நத்தை எதையும் விடாமல் சேகரித்து எழுதினார். பாலைநிலப் பறவை ஒன்றும், இமயத்து எலி ஒன்றும், பினாங்கு வௌவால் ஒன்றும் அவர் பெயரைத் தாங்குகின்றன. வடதுருவத்துக்கு அருகே, ருஷ்யாவுக்குச் சொந்தமான ஃபிரான்ஸ் ஜோசஃப் தீவுக்கூட்டத்தில் ஸ்டோலிச்கா தீவு என்றே ஒன்று உண்டு. அரியலூர் வெயிலில் காய்ந்த சங்குகளைப் படித்தவரின் பெயர் பனிக்கடலில் இருப்பது விந்தையே.

1873இல் ஆங்கில அரசு, யார்க்கண்டுக்கு டக்ளஸ் ஃபோர்சித் தலைமையில் ஒரு தூதுக்குழுவை அனுப்பியது. ருஷ்யப் பேரரசு நடு ஆசியாவில் விரிந்துகொண்டிருந்த காலம் அது. காஷ்கரை ஆண்ட யாக்கூப் பெக்கோடு உறவு கொள்ள வேண்டும் என்பது அரசின் நோக்கம். ஸ்டோலிச்காவின் நோக்கம் வேறு. ஐரோப்பிய நிலவியலார் அதிகம் பார்த்திராத மலைகளை, காரகோரத்துக்கு அப்பால் உள்ள தியான்ஷான் சரிவுகளையும் பாமீர் மேட்டையும், பார்க்க ஒரு வாய்ப்பு. எதிர்ப்புறத்திலிருந்து, 1870களிலேயே, இவான் முஷ்கெத்தோவ் என்ற ருஷ்ய நிலவியலாரும் தியான்ஷானை ஆராயத் தொடங்கினார். இரு பேரரசுகள் எல்லைக்கோட்டுக்காக ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தபோது, இரு பக்கத்து அறிஞர்களும் ஒரே மலையின் அடுக்குகளைக் குறித்துக்கொண்டிருந்தனர்.

உயரம் ஸ்டோலிச்காவின் உடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. போகும் வழியிலேயே கடுமையாக நோயுற்றார். தேறி எழுந்து குழுவோடு காஷ்கர் சேர்ந்தார். ரஷ்ய எல்லைப்புறத்துச் சாடிர்குல் ஏரி வரை சென்றார். 1874 வசந்தத்தில் பாமீர் மேட்டைக் கடந்து வாக்கான் சென்று திரும்பினார். ஜூன் மாதம், இந்தியாவுக்குத் திரும்பும் வழியில், காரகோரக் கணவாயைக் கடக்க வேண்டியிருந்தது. கடலில் ஒரு கணவாய் என்றால் மலையில் ஒரு கணவாய். இவர் வாழ்க்கையில் இரண்டுக்கும் இடம் இருந்தது.

அந்தக் கணவாயின் உயரம் ஏறக்குறைய 5,500 மீட்டர். நம் போடிமெட்டைப் போல் நான்கு மடங்கு. அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதியே. ஒவ்வொரு மூச்சிலும் பாதிப் பிராணவாயுதான் கிடைக்கும். சிலருக்கு அங்கே மூளையில் நீர் கோத்துக்கொள்ளும். தலைவலியில் தொடங்கி நினைவிழப்பில் முடியும். உடனே கீழே இறங்குவதே மருந்து. இதெல்லாம் இன்று மருத்துவர்கள் அறிந்தது. அன்று ஸ்டோலிச்காவுக்குத் தலைவலி என்பது தலைவலிதான். அதைப் பொருட்படுத்தாமல் பாறைகளைப் பார்ப்பதைத் தொடர்ந்தார். ஜூன் 19ஆம் நாள், லடாக்கில் முர்கோ என்ற தங்குமிடத்தில் உயிர் பிரிந்தது. பிறந்தநாள் கழிந்து 12 நாட்கள். வயது 36.

உடலை லே நகருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்து, அரசு ஒரு நினைவுத்தூண் எழுப்பியது. 1885இல் லேவுக்கு வந்த மொரேவியச் சபையாரின் கல்லறைத் தோட்டமாகப் பின்னர் ஆனது அந்த இடம். மொரேவியாவில் பிறந்தவருக்கு மொரேவியர் தோட்டத்திலேயே இடம் அமைந்தது, யாரும் திட்டமிடாமல்.

அவர் சேகரித்த பறவைகளும் விலங்குகளும் குறிப்புகளும் பத்திரமாகத் திரும்பின. நண்பர்கள் பகிர்ந்துகொண்டு 1878 முதல் 1891 வரை நூல்களாக வெளியிட்டார்கள். ஹென்றி பிளான்ஃபோர்டின் அண்ணன் வில்லியம் பிளான்ஃபோர்டு அவர்களுள் ஒருவர்.

அரியலூர்ச் சங்குகளின் கதை அதோடு முடியவில்லை. ஃபிரான்ஸ் கோஸ்மாட் என்ற மற்றோர் ஆஸ்திரியர் 1890களில் அம்மோனைட்டுகளை மறுபடியும் ஆராய்ந்து, ஸ்டோலிச்காவின் சில முடிவுகளைத் திருத்தினார். அறிவியலில் இது குற்றம் காண்பது ஆகாது. ஒருவர் ஒழுங்காக எழுதி வைத்ததால்தான் அடுத்தவர் திருத்த முடிகிறது. தென்னிந்தியச் சங்குகள் தென்னாப்பிரிக்கா, மடகாஸ்கர்ச் சங்குகளோடு நெருங்கிய உறவு காட்டுவதும் தெளிவாயிற்று. இடையில் இவ்வளவு பெரிய கடல் இருக்க, இது எப்படி? ஸ்டோலிச்காவின் ஆசிரியர் சூயஸ், இந்தியாவும் ஆப்பிரிக்காவும் மடகாஸ்கரும் ஒரே பெருநிலமாக இருந்தன என்று கூறி, 1885இல் அதற்குக் கோண்ட்வானா நிலம் என்று பெயரிட்டார். நடுவிலுள்ள நிலம் கடலில் மூழ்கிவிட்டது என்பது அவர் எண்ணம். கண்டங்களே நகர்ந்தன என்ற கருத்தை வெகெனர் 1912இல்தான் வெளியிட்டார். இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தது ஏறக்குறைய 8 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன், அதாவது அரியலூர்ப் பகுதியில் அந்தச் சங்குகள் வாழ்ந்துகொண்டிருந்த காலத்திலேயே, என்பது இன்றைய கணிப்பு.

இனி, அவற்றை நேரில் பார்க்க விரும்புவோருக்குச் சில செய்திகள். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. முழு மரமும் கல்லாகிவிட்டது. ஊசியிலை மர வகை. இதைப் பற்றி 1940இல் முதலில் எழுதியவர் தஞ்சை மண்ணில் பிறந்த எம். எஸ். கிருஷ்ணன். பின்னாளில் புவியியல் ஆய்வுத்துறையின் முதல் இந்தியத் தலைவரானவர் இவர். காரை கிராமத்தை அடுத்து, செடிகொடி அதிகமில்லாத மேடுபள்ள நிலத்தில், துப்பாக்கி ரவை போன்ற பெலம்னைட்டுகள் மழைக்குப் பின் மண்ணிலிருந்து வெளியே தெரியும். அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உள்ளது.

2020இல் குன்னம் அருகே ஏரியில் பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டு, டைனோசர் முட்டைகள் என்று செய்தி பரவி, கூட்டம் கூடியது. நிலவியலார் பார்த்து, அவை அம்மோனைட்டைச் சுற்றிச் சுண்ணாம்பு இறுகி உண்டான உருண்டைகள் என்றனர். முட்டை என்றால் கூட்டம். சங்கு என்றால் கலைந்துவிடும்! எனக்கென்னவோ சங்கே மேலான செய்தி என்று தோன்றுகிறது.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். அரியலூரின் சிப்பிச் சுண்ணாம்புக்கல்தான் அங்குள்ள சிமெண்டு ஆலைகளுக்கு மூலப்பொருள். கல்லங்குறிச்சிப் பக்கம் கைப்பிடி அளவுள்ள சிப்பிகள் அடர்ந்து கிடக்கும் பாறையை அப்படியே வெட்டி அரைக்கிறார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அது பிழைப்பு; நம் வீடுகளும் பள்ளிகளும் சிமெண்டு இல்லாமல் எழவில்லை. சுரங்கம் வெட்டுவதால்தான் பல அடுக்குகள் கண்ணுக்குத் தெரியவே வருகின்றன என்பதும் உண்மை. ஆனால் வெட்டிய பக்கத்தில் எது இருந்தது என்று லாரி ஏற்றுமுன் ஒருவர் பார்த்துக் குறித்துக்கொள்ளாவிட்டால், அது பிறகு சுவருக்குள் போய்விடும். அந்தக் குறிப்பை எடுப்பவர் இன்றும் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட வேண்டிய நூல், முர்கோவில் இறந்த அந்த மனிதர் எழுதிய நான்கு தொகுதிகள்தான்.